உட்கார மறுத்த பிளேட்

பிளேட் உட்காரவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் வாயைத் திறம்மா," என்றாள் சின்ன டாக்டர். நாற்காலியில் சாய்ந்திருந்த காலேஜ் பெண், பாவம், காது வரைக்கும் திறந்தாள். மேலண்ணத்தில் ஒட்டி நிற்க வேண்டிய பிளேட் லொடலொடவென்று ஆடியது. முன்பற்களின் இடைவெளியை மூட வேண்டிய ஸ்பிரிங் உதட்டைக் குத்தியது.

கதவோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பெரிய டாக்டர். அதாவது, மாமியார்.

"நீயே தனியா டிசைன் பண்ணின முதல் பிளேட். சரியா உக்காந்தா நாளையிலேருந்து இந்த நாற்காலி உன் பொறுப்பு. இல்லேன்னா பழையபடி என் பக்கத்துல நின்னு 'துப்புங்க, கொப்பளிங்க'ன்னு சொல்லிட்டிரு," என்று காலையிலேயே சொல்லிவிட்டார். கல்யாணமான நாளாக மருமகளுக்குத் துப்புங்க, கொப்பளிங்கதான் உத்தியோகம். அந்த நாற்காலிமேல் அவளுக்கு உயிர்.

மூலையில் பெண்ணின் அம்மா அதே முன்பல் இடைவெளியோடு சிரித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கா, பல்லு வரைக்கும்!" என்று முதல் நாள் சின்ன டாக்டர் சொன்னதிலிருந்து அவள்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

"மாடல்ல கச்சிதமா உக்காருது பாருங்க அத்தை!" வாயில் அளவு எடுத்து வார்த்த பிளாஸ்டர் மாடலில் பிளேட்டைப் பொருத்திக் காட்டினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"அப்ப என்ன, பல்லு ராத்திரியோட ராத்திரியா வீடு மாத்திடுச்சா?"

குறடால் கம்பியை இறுக்கினாள். ஆட்டம் நின்றது, பெண்ணின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பதறிப்போய்த் தளர்த்தினாள். இப்போது வாயைத் திறந்தாலே கீழே விழுந்தது. வலப்பக்கம் ராவினாள், இடப்பக்கம் தூக்கியது. இடப்பக்கம் ராவினாள், வலப்பக்கம் கோபித்துக்கொண்டது.

"வலிக்குதாம்மா?"

"இஷ்ஷ டாக்ஷர்."

"புதுசுல பேச்சு அப்படித்தான் குழறும். நாக்கு பழகணும், அப்புறம் பல்லு மெதுவா..."

"பிளேட் போடச் சொன்னா பிளேடு போடுறியே!" என்றார் மாமியார்.

ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கட்டை விரலாலும் ஒரே அழுத்து. கடக்!

"உக்காந்துடுச்சு அத்தை!" குதித்தே விட்டாள்.

"சரி, கழட்டு."

வரவில்லை. இழுத்தாள், வரவில்லை. மாமியாரும் சேர்ந்து இழுத்தார்.

"கழட்டி மாட்டுற பிளேட்டுன்னு சொன்னே. மாட்டுறது மட்டும்தானா?"

கடைசி இழுப்பில் பிளேட் பறந்துபோய் மேஜைமேல் இருந்த மாமியாரின் காபிக்குள் முழுகியது. சின்ன டாக்டருக்கு அழுகை முட்டியது. நாற்காலி போச்சு!

"அளவு எடுக்கும்போது பொண்ணு அசைஞ்சாளா?" என்றார் மாமியார்.

"எனக்குப் போன் வந்துச்சு, அளவைப் புது நர்ஸ்தான் எடுத்தாங்க அத்தை."

"என் பொண்ணு எங்க அசைஞ்சா? குமட்டுதுன்னு நாற்காலிப் பக்கமே வரலை," என்றார் மூலையிலிருந்த அம்மா, பெருமையாக. "நீங்கதான் பல்லு வரைக்கும் என்னை உரிச்சு வெச்சிருக்கான்னு சொன்னீங்களே டாக்டர், அதான் அளவுக்கு நானே உக்காந்துட்டேன்!"