முப்பத்தொன்றாம் இடத்து இதழ்

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் மனம் தவிர.

ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, நான். ஆக ஐந்து பேர். கொழுந்தனார் தலைக்கனத்தில் வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து ஓரகத்தி பேசினாள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பொருளாதார ஆய்விதழ் நடத்துவது நீங்கள் அறிந்ததுதான். எந்த இதழை அதிகம் பேர் மேற்கோள் காட்டுகிறார்களோ அதுதான் உசத்தி என்று உங்கள் குழு பட்டியல் போட்டாலும் போட்டது, தம்பியின் இதழ் ஒன்பதாவது, இவருடையது முப்பத்தொன்று. முப்பதில் உங்கள் குழு போட்ட கோட்டைத் தாண்டினால் பல்கலைக்கழகம் இதழையே நிறுத்திவிடும் என்று தெரிந்தும் அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "வருத்தப்படாதீங்க அக்கா, உங்களுக்குக் கீழயும் ரெண்டு இருக்கே" என்றாள். இருபத்திரண்டு வருஷம் இவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பிழை திருத்திய இதழ் அண்ணா.

மறுநாள் சாமி கும்பிட்டு, பொறாமை மட்டும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, கொழுந்தனாரின் இதழ்களை அலமாரியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் இருக்கும் மேற்கோள்களை என் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். பொருளாதாரம் படித்ததில்லை, எண்ணத் தெரியும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கணக்கு வழியவில்லை. உங்கள் பட்டியல் அந்த இதழுக்குக் கொடுத்தது இருநூற்றுப் பத்து. அதில் நூற்றெண்பது அந்த இதழில் எழுதுகிறவர்களே அந்த இதழைக் காட்டியது! காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், அதற்காகக் காக்கையையே நடுவராக உட்கார வைப்பார்களா? வீட்டு மனிதர்கள் புகழ்ந்தது செல்லாது என்று ஒரு விதி போடுங்கள். அவருக்கு முப்பதுதான் மிஞ்சும். இவருக்கு நாற்பத்தொன்று இருக்கிறது, ஒரு படி ஏறிவிடுவார். இது பொறாமை இல்லை, நியாயம்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடவுள் எல்லோரையும் காப்பாற்றட்டும், ஓரகத்தியைக் கடைசியாக.

பின்குறிப்பு: நியாயம் என்று எழுதிவிட்டேனே என்று, இவருடைய நாற்பத்தொன்றையும் தேடினேன். முப்பத்தெட்டு, கொழுந்தனார் தம் இதழில் தாமே எழுதிய கட்டுரைகளில் இருக்கிறது. ஒரு வருஷம்கூடத் தவறாமல் தம் அண்ணனின் இதழை மேற்கோள் காட்டியிருக்கிறார். மீதி மூன்றில் ஒன்று, இவர் சொன்னது தப்பு என்கிறது. கொழுந்தனாருக்கே போன் போட்டுக் கேட்டேன். "அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். மேலே தலைக்கனம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். விதியும் வேண்டாம், வீட்டு மனிதர் காட்டியதைக் கழித்தால் இவருக்கு மூன்றுதான் மிஞ்சும். முப்பதில் போட்ட கோட்டை முப்பத்தொன்றில் போட முடியுமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.