மணி தடுத்த பந்து

எனக்கு ஹாக்கி தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஆனால் ஹாக்கி தெரியாத ஒருவன், மைக்கைப் பிடித்துக்கொண்டு, இருநூறு பேர் முன்னால், ஓர் அணியின் வரலாற்றிலேயே தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் இவர்தான் என்று முழங்கித் தீர்ப்புச் சொன்னால் வெட்கப்பட்டே ஆகவேண்டும். நானும் பட்டேன். அடுத்த மூன்று நாள் ஜுரம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். (ஜுரமெல்லாம் இல்லை. அம்மா மட்டும் நம்பிக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.)

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தேழு வயது. திருவனந்தபுரத்தில், கரமனையிலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய் ஆரியசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம். அதை நிரந்தரமாக்கும் அதிகாரம் பள்ளியின் மேனேஜர் செல்லையா அண்ணாச்சியிடம் இருந்தது. அண்ணாச்சி மிளகாய்வற்றல் மொத்த வியாபாரி. அவர் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றால் தும்மல் வரும். மரியாதைக்காக அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நிற்பேன். அவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அதே சமயம் வலியசாலையில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெயர் லலிதா. ஜாதகம் பொருந்தி, பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டு, அவள் ஒரு பாட்டும் பாடியாகிவிட்டது. "ஆலோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தார் அவள் அப்பா சுந்தரம் மாமா. செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஃபைலை எப்படி நகர்த்தாமல் வைப்பது என்று முப்பது வருடம் பழகிய கை. ஐந்து வாரமாக ஆலோசித்துக்கொண்டிருந்தார்.

ஆக, என் வேலை ஒருவர் கையில், கல்யாணம் இன்னொருவர் கையில். இந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசி இருபது வருடம் ஆயிற்று என்பதும், அதற்குக் காரணம் ஒரு ஹாக்கிப் பந்து என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு பேரும் வாலிபத்தில் 'கிள்ளியாறு லெவன்' என்ற உள்ளூர் அணியில் ஆடியவர்கள். கோலி என்கிற கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிரிகளின் பந்தைத் தடுக்கிற ஃபுல்பேக்குகள். வலப்பக்கம் அண்ணாச்சி, இடப்பக்கம் மாமா. அவ்வளவு ஒற்றுமை, ஒரே சைக்கிளில்தான் மைதானத்துக்குப் போவார்களாம். கிள்ளியாறு லெவன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கோப்பை வென்றது. கொல்லத்து அணியுடன் இறுதியாட்டம். கொட்டுகிற மழை. கிள்ளியாறு ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் கொல்லத்துக்காரன் ஒருவன் ஓங்கி அடித்த பந்து கோலுக்குள் போகப் பார்த்தது. அண்ணாச்சி வலமிருந்து பாய்ந்தார். மாமா இடமிருந்து பாய்ந்தார். இருவர் தலையும் மோதி, இருவருக்கும் கண் இருண்டுவிட்டது. கண் திறந்தபோது பந்து கோலுக்கு வெளியே கிடந்தது. ஜெயித்தாயிற்று.

தடுத்தது யார்? "நான்தான்" என்றார் அண்ணாச்சி. "நானாக்கும்" என்றார் மாமா. பேச்சு நின்றது. சைக்கிளும் இரண்டாயிற்று.

இருபது வருடம் கழித்து, கிள்ளியாறு லெவன் ஆண்டுவிழாவில், 'அணியின் வரலாற்றில் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்' ஒருவருக்குப் பொன்னாடையும் கேடயமும் தருவது என்று கமிட்டி தீர்மானித்தது. தீர்மானித்த பிறகுதான் யாருக்கு என்று யோசித்தார்கள். கமிட்டியில் பாதிப்பேர் அண்ணாச்சியிடம் வற்றல் வாங்குகிறவர்கள். மீதிப்பேர் மாமாவுக்கு உறவு. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆபத்து. அப்போது செக்ரட்டரி சசிதரனுக்கு ஒரு யோசனை உதித்தது. "தமிழன்மார் எல்லாம் கூடும்போ பட்டிமன்றம் வெக்கும் அல்லே? அதையே வெச்சா போதும். தீர்ப்பு நடுவர் தலையில். அந்தத் தமிழ் சாரை விளிக்கலாம்."

தமிழ் சார் நான். ஹாக்கி தெரியாததால் நடுநிலையானவன் என்று சொன்னார்கள். நானும் பூரித்துப்போய்ச் சம்மதித்தேன். (மடையன் என்பதை நடுநிலை என்றும் சொல்லலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.)

மறுநாளே அண்ணாச்சி மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

"சாரே, நடுவர் நீருதானாமே? நல்லது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நியாயம் எதுவோ அதச் சொல்லும்."

"சரி அண்ணாச்சி."

"அந்தப் பந்து என் முட்டியில பட்ட வலி இன்னும் மழை பேஞ்சா எடுக்கும். அத விடும். வாற ஜூன்ல ஒரு பெர்மனெண்ட் போஸ்ட் இருக்கு பாத்துக்கிடும். நியாயம் தெரிஞ்ச ஆளாப் பாத்துப் போடணும்னு இருக்கேன்."

அன்று சாயங்காலம் சுந்தரம் மாமா ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காப்பி கலப்பதற்குள் விஷயத்துக்கு வந்தார்.

"செல்லையா நன்னா ஆடுவன். இல்லேன்னு நான் சொல்லலை. ஆனா பந்து இடது பக்கமாக்கும் வந்தது. இடது பக்கம் நிக்கறவன் நான். ஒரு வாத்தியாருக்கு இடது எது, வலது எதுன்னு தெரியாம இருக்குமோ?"

"தெரியும் மாமா."

"சந்தோஷம். லலிதா விஷயம், விழா முடிஞ்ச மறுநாள் காலம்பற பேசிடலாம் கேட்டேளா. இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

இல்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே சம்பந்தம் இருந்தது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி என்றால் லலிதா இல்லை. மாமா என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லலிதாவும் இல்லை. இருவரும் சமம் என்று சொன்னால் இரண்டும் இல்லை. மூன்றாவதாக ஒருவர் கிடைத்தால்? அதுவும் ஆதாரத்தோடு கிடைத்தால், யார் என்மேல் கோபப்பட முடியும்? சசிதரனிடம் கேட்டு, கிளப் அலமாரியிலிருந்து பழைய ஆட்டக் குறிப்பேட்டை வாங்கிவந்தேன். அந்தக் காலத்துக் கோலி ஞானமுத்து எழுதி வைத்தது. ஆட்டக்காரர்கள் பட்டியல் இருந்த பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. மீதி கிடந்த பக்கங்களில் ஒரு பெயர் என் கண்ணில் பட்டது.

மணி.

'இன்று மணி ரெண்டு பந்து தடுத்தான்.' 'மணி முழு நேரமும் மைதானத்தில்.' 'இடைவேளையில் மணிக்கு ரெண்டு பன்.' 'எதிர் டீம் ஃபார்வர்டு ஆள் மணியிடம் மாட்டி, பதினாலு ஊசி.' எனக்கு மயிர் கூச்செறிந்தது. பிறகு அந்த இறுதியாட்டத்தின் பக்கம்: 'கடைசி நிமிஷம். நல்ல மழை. பந்து கோலுக்கு. மணி தடுத்தான். கப்பு நமக்கு.'

அண்ணாச்சியும் இல்லை, மாமாவும் இல்லை! இருபது வருட மர்மத்தை அரைமணி நேரத்தில் துப்பறிந்துவிட்டேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. உண்மையை மேடையிலேயே போட்டு உடைப்பதுதான் நடுவருக்கு அழகு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலியசாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. முன்வரிசையில் ஒரு கோடியில் அண்ணாச்சி, மறுகோடியில் மாமா. நாலாவது வரிசையில் லலிதா, பச்சைப் பாவாடை தாவணியில். அவளுக்காகவே நான் இஸ்திரி போட்ட ஜிப்பாவில்.

அண்ணாச்சி கட்சிக்கு எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் பேசினார். கரும்பலகை கொண்டுவரச் சொல்லி, கோல் கம்பத்தையும் அண்ணாச்சியின் முழங்காலையும் கோட்டால் இணைத்து, பந்து வேறெங்கும் பட்டிருக்க முடியாது என்று தேற்றம் போல நிறுவினார். கைத்தட்டல். மாமா கட்சிக்கு அவருடைய மைத்துனர் எழுந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு எக்ஸ்ரேயை எடுத்துக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார். "இந்தத் தோளெலும்பைப் பாருங்கோ. பந்து பட்ட இடம் தெரியறதா?" என்றார். கணக்கு வாத்தியார் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "இது முழங்காலுல்லா வே!" என்றார். அதற்கும் கைத்தட்டல். மைத்துனர் அவசரத்தில் தன் மாமியாரின் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்துவிட்டார்.

தீர்ப்பு. நான் எழுந்தேன்.

"அவையோரே! வலமா, இடமா என்று இருபது வருடமாகக் கேட்டோம். நடுவிலே நின்ற ஒருவனை மறந்தோம்!"

சலசலப்பு அடங்கியது. குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினேன். "அவனுக்குப் பட்டம் இல்லை, பதவி இல்லை. ஊதியமாக அவன் கேட்டது இரண்டே இரண்டு பன்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தச் சிரிப்பு என்று நினைத்தேன்.

"அவனை எதிர்த்து வந்த ஒரு வீரனுக்குப் பதினான்கு ஊசி போடவேண்டி வந்தது என்றால், அந்த ஆட்டத்தின் வேகம் என்ன, வீரம் என்ன!"

இப்போது நாலைந்து பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். நான் குரலை இன்னும் உயர்த்தினேன். இறுதியாட்டத்தின் குறிப்பைப் படித்தேன். "பந்தைத் தடுத்தவர் செல்லையாவும் அல்ல, சுந்தரமும் அல்ல. மணி! எங்கே போனான் அந்த மணி? உயிரோடு இருக்கிறானோ, இல்லையோ? இந்த நன்றிகெட்ட ஊர் அவனுக்கு ஒரு மாலை போட்டதுண்டா? எல்லோரும் எழுந்து நின்று, அவனுக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்!"

நடுவர் சொன்னால் கேட்க வேண்டுமே. இருநூறு பேரும் எழுந்தார்கள். நான் தலை குனிந்து, கண்ணை மூடி நின்றேன். அண்ணாச்சி, மாமா உட்பட எல்லோரும் நின்றார்கள். பாதி நிமிடம் ஆகியிருக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒரு தயக்கமான குரல் வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து விழாவுக்காக வந்திருந்த பழைய கோலி ஞானமுத்து.

"சாரே, தப்பா நினைக்கப்பிடாது. மணி நம்ம கிரவுண்டுல கெடந்த பட்டியில்லியா!"

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். திருவனந்தபுரத்தில் இதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பிறகு எங்கிருந்தோ ஒருவன் கத்தினான்: "அதான் பேனர்லயே போட்டிருக்கே, பட்டிமன்றம்னு!"

மண்டபம் வெடித்தது. மைக் செட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி விசிலடித்தது. நான் இன்னும் தலை குனிந்தபடியே நின்றேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். அண்ணாச்சியும் மாமாவும் ஞானமுத்துவை நோக்கி நடந்தார்கள். அண்ணாச்சிதான் கேட்டார்.

"அப்போ அந்தப் பந்து?"

"மணிமேலதான் பட்டுது அண்ணாச்சி. மழைக்குக் கோல்கிட்ட ஒதுங்கி நின்னுது. விலாவுல பட்டு, ஒரு ஊளையிட்டுட்டு ஓடிச்சு. அம்பயர் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு நின்னாரு."

"எழுதி வெச்சவன் வாயைத் தொறந்து சொல்லப்படாதோடா? இருபது வருஷம்!" என்றார் மாமா.

"நீங்க ரெண்டு பேரும் என்னட்ட கேக்கவே இல்லையே" என்றார் ஞானமுத்து. "பின்னே, சொன்னா கொல்லத்துக்காரன் கப்பத் திருப்பிக் கேக்க மாட்டானா?"

அண்ணாச்சி மாமாவைப் பார்த்தார். மாமா அண்ணாச்சியைப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். பிறகு இருவரும் சேர்ந்து மேடையைப் பார்த்தார்கள்.

"இவன யாரு வே நடுவரா நிறுத்தினது?"

"நன்னா கேட்டீர். வாத்தியாரா வெச்சிண்டது நீராக்கும்."

"மருமகனா ஆக்கப் பாத்தது நீரில்லா?"

"இன்னும் ஆக்கலை ஓய்!"

அதற்குமேல் கேட்க நான் அங்கே இல்லை. சமையற்கட்டு வழியாக வெளியே வந்து, நின்ற பஸ்ஸில் ஏறினேன். அது கரமனைக்கு எதிர்த்திசையில் போகிற பஸ் என்பது மூன்று ஸ்டாப் தாண்டித்தான் தெரிந்தது. தெரிந்தும் இறங்கவில்லை. வேலை போயிற்று, பெண் போயிற்று. பஸ்ஸாவது எங்கேயோ போகிறதே என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள், என் பொய் ஜுரத்துக்கு நடுவில், வாசலில் ஸ்கூட்டர் சத்தம். எட்டிப் பார்த்தேன். மாமா ஓட்ட, பின்னால் அண்ணாச்சி. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். தும்மல் வந்தது, இந்தத் தடவை அடக்க முடியவில்லை.

"எழுந்திரும்" என்றார் மாமா. "என் பொண்ணு மூணு நாளா சாதம் பிசையற நேரத்துலயும் சிரிச்சிண்டிருக்கா. பொரையேறிக் கண்ணுல ஜலம் வந்துடறது. கேட்டா, பண்ணிண்டா அந்த வாத்தியாரைத்தான்ங்கறா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"நானும் சொல்லிப் பாத்தேன்" என்றார் அண்ணாச்சி. "கேக்க மாட்டேங்கா. கல்யாணம் ஆன பயலுக்கு நிரந்தர வேலை இல்லாம முடியாதில்லா? ஜூன்ல சேந்துக்கிடும். ஆனா ஒண்ணு, ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு நீரு லீவு போட்டுறணும்."

கல்யாணத்தில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தவர்கள் அவர்கள் இருவரும்தான். ஆனால் பழைய சண்டை போனதே தவிர, பழக்கம் போகவில்லை. மணி யாருடைய நாய் என்று புதிதாக ஆரம்பித்துவிட்டார்கள். பன் வாங்கிப் போட்டது நான் என்று அண்ணாச்சி. மணி என்று பெயர் வைத்ததே நானாக்கும் என்று மாமா. வாரா வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதற்காகவே கூடுகிறார்கள். நான் அந்த நேரம் பார்த்துக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுகிறேன்.

போன ஓணத்துக்கு லலிதாவின் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பாயசம் வைத்துக்கொண்டுவந்தார்கள். இரண்டு கிண்ணத்தையும் என் முன்னால் வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லலிதா கிண்ணங்களை எடுத்துக்கொண்டாள்.

"இவர்கிட்ட மட்டும் கேக்காதீங்கோ. எதிராத்துப் பூனைக்குப் பரிசைக் குடுத்துட்டு, நம்ம எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லுவார்."