நாற்பத்தொரு மணி நேரப் பயணம்

"பத்து நாள் உங்களோட இருக்கலாம்னு வர்றேன் மாப்ள. அங்க வந்து சேர விமானத்துல எவ்வளவு நேரம் ஆகும்?"

போனில் மச்சான் இப்படிக் கேட்டதும், வாட்ச் ரிப்பேர்காரரின் கையிலிருந்த குட்டித் திருகாணி எங்கோ தெறித்து ஓடியது.

மனைவியின் அண்ணன் தங்கமான மனிதர்தான். ஆனால் முப்பது வருடம் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்த்த கண் சும்மா இருக்குமா? இவர்கள் வெளிநாடு வருவதற்கு முன் பழைய ஊரில் இருந்தபோது நான்கே நாள் வந்து தங்கினார். யார் எத்தனை நிமிடம் குளிக்கலாம் என்று குளியலறைக் கதவில் அட்டவணை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுப்பி அலமாரியைக் காலி செய்ய வைத்தார். இனி பத்து நாளா? ஐயையோ!

உண்மையில் நேர் விமானத்தில் ஒன்பது மணி நேரம்தான். ஊருக்கெல்லாம் நேரத்தைச் சரிபண்ணிக் கொடுக்கும் மனிதர் கூசாமல் சொன்னார்: "பதினாறு மணி நேரம் மச்சான். கால் ரெண்டும் வீங்கிடும்."

"அப்படியா?" என்று மச்சான் பக்கத்திலிருந்த தன் மனைவியைக் கேட்பது காதில் விழுந்தது. அந்த அம்மாள் விமான டிக்கெட் போடும் ஆபீசில் வேலை பார்ப்பவர். வாட்ச்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஆமாங்க, ஆகும்," என்றார் அவர்.

அப்பாடா, பாவம் அவருக்கும் தெரியவில்லை!

"அவ்வளவு தூரம் வந்துட்டு பத்து நாள்ல திரும்புனா நல்லாவா இருக்கும்? ஒரு மாசம் இருக்கேன்," என்றார் மச்சான்.

மறுநாள் வாட்ச்காரரே கூப்பிட்டார். "நேர் விமானத்தை நிறுத்திட்டாங்க மச்சான். நடுவுல மாறணும். இருபத்தேழு மணி நேரம்."

"ஆகுங்க," என்றது பின்னாலிருந்து அதே குரல்.

"அப்ப மூணு மாசம்!"

சந்தோஷம் தாங்காத மனைவி, அண்ணனுக்கு அறை வேண்டுமென்று கணவரின் வேலை மேசையைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டாள். அடித்த காற்றில் ஒரு வாடிக்கையாளரின் கடிகாரமுள் பறந்தே போனது. ஆத்திரத்தில் வாட்ச்காரர் மூன்று விமானம், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், நாற்பத்தொரு மணி நேரம் என்று அள்ளிவிட்டார்.

"கூடவே ஆகுங்க," என்றது குரல்.

"ஒரு வருஷம் மாப்ள! பெட்டியைக் கட்டிட்டேன்."

அதற்குமேல் தாங்க முடியவில்லை. "மச்சான், மன்னிச்சுடுங்க. எல்லாம் பொய். ஒன்பதே மணி நேரம்தான்."

"அடப்பாவி! அப்ப பத்து நாளே போதும். இந்தா, என் வீட்டுக்காரி பேசணுமாம்," என்று சிரித்தபடி மச்சான் போனைக் கைமாற்றினார்.

வாட்ச்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்த அம்மாள் மெல்லிய குரலில் சொன்னார்:

"ஒன்பது மணி நேரம்னு எனக்கு முதல்லயே தெரியும் தம்பி. அவருக்குத் திரும்பி வர டிக்கெட்தான் நான் போடவே இல்லை."