முதுகு காட்டிய ரசிகர்கள்

எழுதியதை அழித்துவிடலாம் என்று மருந்துக்கடைக்காரர் கைபேசியை எடுப்பதற்குள், ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள்.

"பேஸ் கிதாருக்குப் புதுசா எவன் வந்தாலும், பழையவரோட ஒயரைத் தூக்கக்கூட லாயக்கில்ல."

முந்தின நாள் ஆவேசத்தில் எழுதியது. காலையில்தான் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள், புதிதாக வாசிக்கப்போவது அவளுடைய தம்பி என்று.

அந்த ராக் இசைக்குழு பாடகரை மாற்றியபோதும், டிரம்ஸ்காரர் சண்டை போட்டுக்கொண்டு போனபோதும் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பழைய பேஸ்காரர் விலகியதைத்தான் தாங்க முடியவில்லை. மேடையில் அவர் வாசித்தால் விலா எலும்பு அதிரும். அதையெல்லாம் ஒலிப்பதிவில் கேட்கவே முடியாது என்பது அவர்கள் கட்சி.

மைத்துனனோ வீட்டில் பிரமாதமாக வாசிப்பான், மேடையில் சொதப்புவான். இரண்டு குழுக்கள் முதல் கச்சேரியோடு அவனுக்குக் கும்பிடு போட்டிருந்தன. இதுவும் போனால் கிதாரைத் தொடவே மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான்.

பையனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாமே என்று மருந்துக்கடைக்காரர் ரசிகர் குழுவில் மெல்ல எழுதினார். அதே குழுவிலிருந்த பல் மருத்துவர் பிடித்துக்கொண்டார். நேற்று ஒயர், இன்றைக்கு வாய்ப்பா, யார் உங்களை வளைத்துப் போட்டது என்று கேட்டார். உறவு வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து, மருந்துக்கடைக்காரர் இன்னும் காட்டமாக நாலு வரி எழுதினார்.

அது பற்றிக்கொண்டது. புனைபெயரில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர், கச்சேரி முழுக்க மேடைக்கு முதுகைக் காட்டி நிற்போம் என்றார். அண்ணன்தான் முதலில் திரும்ப வேண்டும் என்று எல்லோரும் மருந்துக்கடைக்காரரைக் கைகாட்டினார்கள்.

மனைவியும் கச்சேரிக்கு வருவதாகச் சொன்னாள். அவர் அவசரமாக ஒரு கதை கட்டினார்.

"அங்க எல்லாரும் திரும்பி நிப்பாங்க. தப்பா நினைச்சுக்காத. பாக்காம காதால மட்டும் கேக்கறது. கலைஞனுக்கு அதுதான் பெரிய மரியாதை."

"அப்படியா?" துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப நானும் திரும்பியே நிக்கிறேன்."

சித்தப்பா குடும்பத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அரங்கில் முதல் பாட்டு தொடங்கியதும் மருந்துக்கடைக்காரர் திரும்பினார். மொத்தக் கூட்டமும் திரும்பியது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கழிவறைக்கு வழி காட்டும் அம்புக்குறி மட்டும்தான். எந்த நொடியில் சொதப்புவானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

பேஸ் ஒலி தரையிலிருந்து உள்ளங்காலில் ஏறியது. எங்கும் தடுமாறவில்லை. மூன்றாம் பாட்டில் பல் மருத்துவர் அவர் காதருகே குனிந்தார்.

"பழையவர் நெஞ்சுல இடிப்பார். இவன் நெஞ்சுக்குள்ள உக்காந்து பேசறான்யா. திரும்பிப் பாக்கலாமா?"

"கொள்கைன்னா கொள்கை," என்றார் மருந்துக்கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனபோது, மைத்துனன் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"நிரந்தரமா சேத்துக்கிட்டாங்க மாமா. ஜனங்க முகத்தைப் பாத்தாத்தான் எனக்கு விரல் மரத்துப்போகும். இன்னைக்கு ஒரு முகம்கூட இல்ல."

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. யாரோ கிளப்பிவிட்ட வம்பு, பையனைக் கரையேற்றிவிட்டது. தான் எழுதியது எதுவும் வீட்டுக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒலியமைப்பாளர் நிமிர்ந்து, அவர் மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, அடுத்த கச்சேரிக்கும் எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லி, அதே புனைபெயர்ல ரசிகர் குழுவுல நீங்களே எழுதிடுறீங்களா?"