எரிச்சல் கம்பவுண்டர் அழித்த பச்சை

வருகிற ஆளைத் திருப்பி அனுப்புவதற்கென்றே சம்பளம் வாங்கியவர் உலகத்தில் ஒருவர்தான். புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்த எரிச்சல் கம்பவுண்டர்.

எழுபதுகளில் பச்சை குத்தியதை அழிக்க லேசர் ஏது? டாக்டர் மரத்துப்போக ஊசி போடுவார். கம்பவுண்டர் உப்பு வைத்துத் தேய்ப்பார். தேய்ப்பதற்கு முன்னால், பிறகு என்னென்ன நடக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அதிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கட்டுமரத்தை ஒற்றை ஆளாகக் கரையில் இழுத்துப் போடும் மீனவர் ஒருவர், தோளில் குத்தியிருந்த தேளை அழிக்க வந்து, கேட்டுக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் கம்பவுண்டர்.

நான் அங்கே ஒரு கட்டட கான்டிராக்டரிடம் குமாஸ்தா. செங்கல்பட்டில் பெண் நிச்சயமாகி, ஐந்து மாதத்தில் கல்யாணம். பெண் பெயர் ராஜேஸ்வரி. என் முன்னங்கையில் இருந்ததோ கோமளா.

"இன்னாத்துக்கு குத்திக்கினே?" என்றார் கம்பவுண்டர்.

"காதல், சார். காலேஜ்ல படிக்கிறப்ப மகாபலிபுரத்துல குத்திக்கிட்டேன்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பொண்ணாண்ட சொல்லாம கையாண்ட சொல்லிக்கினியா?" பெருமூச்சு விட்டு ஆரம்பித்தார். "ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது. வூட்டுக்குப் போனதும் எரியும். நாளைக்கு இன்னும் எரியும். நீர் வடியும், பொருக்குக் கட்டும், அரிக்கும். சொறிஞ்சா தழும்பு. வெயிலு ஆவாது. கடல்ல எறங்காத. ஆறு வாரத்துக்கு ஒரு தபா, நாலஞ்சு தபா வரணும்."

"அப்புறம் சுத்தமா அழிஞ்சிடுமா?"

"மங்கும்."

"அழியாதா?"

"மங்கும்னேனே."

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதுதான் எனக்குச் சலிப்பு. எரியும் என்ற நாளில் எரிந்தது. அரிக்கும் என்ற நாளில் அரித்தது. மூன்றாம் தடவைக்குப் பின் கட்டைப் பிரித்தால், 'ள' மட்டும் அழகாக மறைந்து, கையில் 'கோமா' என்று நின்றது. டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்பவுண்டர் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. உடனே இன்னொரு தடவை தேய்க்கச் சொன்னேன்.

"ஆறல. தோலு இன்னா பண்ணிச்சி உன்னை?" என்று அனுப்பிவிட்டார்.

அறைக்கு வந்து நானே உப்பை எடுத்துத் தேய்த்துக்கொண்டேன். இரண்டே நாளில் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. செய்தி கேட்டு கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் வந்து கட்டுப் போட்டார். திட்டு மட்டும் குறையவில்லை.

ஆறாம் நாள் பஞ்சை நனைத்தபடியே, "நேத்து செங்கல்பட்டுக்குப் போய்ட்டு வந்தேன்" என்றார். "கல்யாணப் பத்திரிகையில விலாசம் கீதே. பொண்ணு வூட்ல சொல்லிட்டேன்."

எனக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"பையன் நல்லவன். அவசரக்காரன். கையில ஒரு பேரு கீது. மங்கும், முழுசாப் போவாது. இஷ்டம்னா கட்டிக்கம்மான்னேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"நீ சொல்லியிருக்க மாட்டே. அதான்."

அது உண்மை. குரலை இறக்கி, "அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அவருக்கு ரொம்ப வலிக்குதான்னு கேட்டுச்சி."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கட்டை வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கம்பவுண்டர் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எப்போது கட்டு மாற்ற வேண்டும் என்பதை ராஜேஸ்வரியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து வேலையை விட்டு மகள் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட நாங்கள் இருவரும் போயிருந்தோம்.

"லெட்டர் போடுங்க சார்" என்றேன்.

"போட மாட்டேன்" என்றார்.

போடவில்லை. ஆனாலும் தபால்காரர் வருகிற நேரத்தில், ஏதோ வேலை இருப்பதுபோல நானும் ராஜேஸ்வரியும் வாசலுக்கு வந்துவிடுவோம், வெகு நாட்களுக்கு.