பெங்குயினுக்குக் கேழ்வரகு மாவு

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. புரியாத வார்த்தை காதில் விழுந்தால் அர்த்தம் கேட்க மாட்டார்கள், தலையை ஆட்டுவார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஹெலன் என்ற நியூசிலாந்துப் பெண்மணி குடியிருந்தார். அவர் ஊர்க் கடற்கரையில் பெங்குயின்கள் உண்டாம். ஊர்க்காரர்களே முறை வைத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் அவற்றைக் காவல் காப்பார்களாம். ஹெலனும் அதில் ஒருவர். இதைக் கேள்விப்பட்ட மாதர் சங்கத் தலைவி ஜமீலா அக்கா, "நம்ம பொம்பளைங்களுக்கும் வந்து சொல்லட்டும். நீ தமிழ்ல எடுத்துச் சொல்லிடு" என்றார்.

அக்காவின் அண்ணன் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். அங்கே இங்கிலீஷ் டீச்சர் வேலை காலி. ஒன்றரை வருஷமாக வீட்டில் சும்மா இருந்த எனக்கு, இந்தக் கூட்டம்தான் இன்டர்வியூ என்று புரிந்துவிட்டது. (அன்று எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.)

சனிக்கிழமை மத்தியானம் நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஹெலன் போட்டோக்களைக் காட்டினார். "கோட்டு போட்ட வாத்துன்னு வெச்சுக்கோங்க" என்றேன். சிரிப்பு. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஹெலன், வருஷத்தில் மூன்று வாரம் அவை "மோல்ட்" செய்யும், அப்போது கடலுக்குப் போகாது, நாய்கள் வந்தால் தப்பிக்கத் தெம்பிருக்காது, அதனால்தான் காவல் என்றார்.

மோல்ட்? திகைத்தேன். அப்புறம் தெளிந்தேன். மால்ட்! கேழ்வரகை முளைகட்டி அரைத்து, கரைத்துக் குடிப்போமே, அது. வெள்ளைக்காரர் வாயில் அது அப்படித்தான் வரும்.

"வருஷத்துல மூணு வாரம் இதுங்க மால்ட் குடிக்கும். கடலுக்குப் போவாது. அதனால ஊர்க்காரங்க கூடவே இருந்து பாத்துக்குவாங்க."

"அடப் பாவமே! உடம்புக்கு முடியல போல. யாரு கரைச்சுக் குடுப்பாங்க?" என்றார் பூக்கடை சரோஜா.

ஹெலனைக் கேட்டால் என் பி.ஏ. என்னாவது? "காவலுக்கு வர்றவங்கதான்" என்றேன்.

"டம்ளர்லயா?"

"கிண்ணத்துல" என்றேன், கண்ணைக்கூட இமைக்காமல்.

அடுத்த சனிக்கிழமை ஹெலனுக்கு வழியனுப்பு விழா. மேஜைமேல் பதினோரு டப்பா கேழ்வரகு மாவு.

"எங்களால உங்க ஊருக்கு வந்து காவல் நிக்க முடியாது. இத எடுத்துக்கினு போங்க. முளைகட்டி, வறுத்து அரைச்சது. ஏலக்காய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் ஜமீலா அக்கா.

உங்கள் பெங்குயின்களுக்கு மால்ட் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் டப்பாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் கை, தோள், கழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போடுவதுபோல் நடித்துக் காட்டினார். பழைய இறகு உதிரும்; புது இறகு முளைக்கும்வரை உடம்பில் தண்ணீர் இறங்கிவிடும்; அதனால்தான் கடலுக்குப் போகாமல் பட்டினி கிடக்கும் என்று மெதுவாகச் சொன்னார். மோல்ட் என்றால் அதுதான்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அக்கா.

இரண்டு கூட்டத்திலும் சேர்த்து நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு இது: "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுனு சொல்றாங்க."

சங்கமே குலுங்கிச் சிரித்தது. ஹெலன் பதினோரு டப்பாவையும் விடாமல் எடுத்துக்கொண்டு போனார். நான் வாரக்கணக்கில் சங்கத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

ஒருநாள் ஜமீலா அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். ஒண்ணாங்கிளாஸ் எடு. ஏ, பி, சி, டி-ல மாத்திச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அந்த ஒண்ணாங்கிளாஸில்தான் ரிட்டையர் ஆனேன்.

நான் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஹெலனிடமிருந்து கடிதமும் போட்டோவும் வந்தன. குளிரில் கடற்கரையில் காவல் நிற்கும் வெள்ளைக்காரர்கள், கையில் ஆளுக்கொரு கோப்பை கேழ்வரகுக் கஞ்சி. விடிகாலைக் காவலுக்கு வரமாட்டேன் என்றவர்கள்கூட இப்போது வருகிறார்களாம். இதைச் சங்கத்தில் நான்தான் படித்துக் காட்டினேன். பக்கத்தில் அகராதியோடு வேறொரு பெண்ணை உட்கார வைத்திருந்தார் அக்கா.

இன்றைக்கும் என் சீப்பில் நாலு முடி சேர்ந்து வந்தால் போதும், என் வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்: "உங்கம்மா மோல்ட் ஆவுறா! ஒரு கிண்ணம் கரைச்சு எடுத்தாங்க!"