சக்கர வீட்டுக்குத் தண்ணீர் வந்தது

"ஊத்தட்டுமா?" என்று ஏணியில் நின்றபடி கேட்டாள் சந்திரமதி.

"ஊத்து, ஊத்து! இந்தத் தடவை பாரு!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் ஜம்புலிங்கம்.

அவள் குடத்தைக் கூரைத் தொட்டியில் கவிழ்த்தாள். சமையல் குழாயில் ஒரு சொட்டுகூட வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மட்டும் தண்ணீர் பீச்சியடித்து மெத்தையை நனைத்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு... வேற இடத்துல வந்துச்சு."

ஜம்புலிங்கம் போர்ட் பிளேரில் அரசாங்க குமாஸ்தா. குவார்ட்டர்ஸ் கேட்டுக் காத்திருந்து அலுத்துப்போய், ஏதோ ஒரு மரக் கம்பெனி துரை கப்பலேறும்போது விட்டுப்போன காரவனை ஏலத்தில் எடுத்திருந்தார். மோட்டாரில் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. கட்டில், சமையல் மேடை, குளியல் அறை, பித்தளைக் குழாய்கள் எல்லாம் உண்டு. தண்ணீர்தான் இல்லை. டெலானிபூர் மேட்டின் உச்சியில் அதை நிறுத்தி, உருண்டுவிடாமலிருக்கச் சக்கரங்களுக்கு இரண்டு கருங்கற்களை முட்டுக் கொடுத்திருந்தார்.

தெருக்குழாய் மேட்டின் அடியில் இருந்தது. குடம் சுமந்து சுமந்து சந்திரமதிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"வண்டிய அந்தக் குழாய் பக்கத்துல இறக்கி நிறுத்துங்களேன். சக்கரம் எதுக்கு இருக்கு?" என்று அவள் கேட்காத நாளில்லை.

ஆனால் அங்கேதான் ஹெட்கிளார்க் திருநாவுக்கரசின் குவார்ட்டர்ஸ். ஆபீசில் அவருக்குக் கீழே இருந்தாலும், வீட்டிலாவது அவர் தலைக்கு மேலே குடியிருக்கிறோம் என்பதில் ஜம்புலிங்கத்துக்கு அலாதி சுகம். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் சந்திரமதி முடிவாகச் சொல்லிவிட்டாள். "திங்கக்கிழமை மெட்ராஸ் கப்பல். அதுக்குள்ள குழாயில தண்ணி வரணும். வரலேன்னா நான் ஏறிடுவேன்."

சொன்னால் செய்கிறவள். அவளில்லாமல் இந்தத் தீவில் தனியாகக் கிடப்பதை ஜம்புலிங்கத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஒரு மிஸ்திரியக் கூப்பிடலாமே?" என்றாள்.

"ஏன், என் கை என்ன பூப்பறிச்சிக்கிட்டா இருக்கு?"

கட்டிலடி ஓட்டைக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். தண்ணீர் குளியலறைச் சுவர் வழியாக வந்தது. அங்கே தோணிக்குப் பூசும் தாரை அப்பினார். குழாயே அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டுக் குத்தினார். கம்பி உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு சோதனைக்கும் சந்திரமதி மேடேறி வந்து தொட்டியில் ஊற்றினாள். முன்பு சமையலுக்கும் குளியலுக்கும் மட்டும் சுமந்தவள், இப்போது ரிப்பேருக்கும் சேர்த்துச் சுமந்தாள்.

ஜம்புலிங்கம் அசரவில்லை. கெட்டுப்போன குழாய்களை அறுத்துவிட்டுப் புதிது போட்டார். தொட்டியே வேண்டாமென்று, கப்பலில் கழித்துப்போட்ட ரப்பர் ஹோஸ் ஒன்றை வாங்கி, ஒரு முனையைத் தெருக்குழாயிலும் மறுமுனையைக் காரவனிலும் இறுக்கிக் கட்டினார்.

கீழே குடியிருந்த அன்னம்மாள் குழாயைத் திருகிவிட்டுக் கத்தினாள். "அண்ணாச்சி! தண்ணி பாதி மேட்டுல நின்னு மூச்சு வாங்குது! ஏக்தம் பேகார், ஒண்ணுக்கும் உதவாது!"

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று பார்த்தால், சந்திரமதி காலையிலிருந்து வேலையிலேயே மும்முரமாக இருந்தாள். பாத்திரம் பண்டமெல்லாம் துலக்க வேண்டுமென்று கீழே கொண்டுபோனாள். தெருக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வாரமாகச் சேர்த்திருந்த தேங்காய் மட்டைக் குவியலை இன்னும் உயர்த்தி அடுக்கினாள். பெட்டி கட்டுகிறாளோ என்று மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜம்புலிங்கத்துக்கு, இதிலெல்லாம் கவனம் போகவில்லை.

தெருக்குழாயில் தொடங்கி எல்லாக் குழாய்களையும் திறந்துவைத்துவிட்டு, சமையல் மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். "இந்த மூட்டுதான் இழுத்துப் பிடிக்குது" என்று சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

வீடு நகர்ந்தது.

"ஐயோ, பூகம்பம்!"

ஜன்னலில் தென்னைமரம் ஒன்று பின்னால் போயிற்று. அன்னம்மாளின் கோழிகள் போயின. ஹெட்கிளார்க் குவார்ட்டர்ஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜம்புலிங்கம் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். காரவன் மட்டைக் குவியலில் மெத்தென்று முட்டி நின்றது.

அடுத்த நொடி சமையல் குழாய் ஹோவென்று கொட்டியது. குளியலறைப் பூவாளி மழையாகப் பொழிந்தது. ஓரிடத்திலும் ஒழுகவில்லை!

"வந்துடுச்சு! சந்திரமதி, வந்துடுச்சு!" என்று சொட்டச் சொட்ட வெளியே குதித்தார்.

முகத்தில் சவர நுரையோடு திருநாவுக்கரசு ஓடி வந்தார். "க்யா ஹுவா? யாரைக் கேட்டுய்யா வீட்ட இங்க கொண்டு வந்தீர்?"

"நான் கொண்டு வரல சார். அதுவா வந்துச்சு."

ஹெட்கிளார்க் தாடையைத் தடவி யோசித்தார். கையில் நுரை வந்தது. "தானா வந்த வீட்டுக்கு ரூலே இல்லையே. மெயின்லேண்டுக்கு எழுதிக் கேக்கணும். பதில் வர்ற வரைக்கும் ஓர் அங்குலம் நகர்த்தக்கூடாது. டீக் ஹை?"

மெயின்லேண்டிலிருந்து பதில் வருவதற்குள் ஜம்புலிங்கம் ரிட்டயரே ஆகிவிடலாம்.

சந்திரமதி சமையல் குழாயில் நின்ற இடத்திலேயே குடத்தை நிரப்பினாள். அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்று பார்த்ததுதான்.

"அப்ப... நாளைக்குக் கப்பல்?"

"எந்தக் கப்பல்?"

ஜம்புலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! எத்தனை பேர் சிரிச்சாங்க! ஒரே அடி, தண்ணி வந்துச்சா இல்லையா? எல்லாம் என் கைவேலை!"

"ஆமாங்க, உங்க கைவேலைதான்" என்றாள் அவள், குடத்தைப் பார்த்தபடியே.

அப்போது அன்னம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"சந்திரமதி, காலையில சக்கரத்துக்கு அடியிலருந்து எடுத்துக் குடுத்தியே ரெண்டு கருங்கல்லு, என் அடுப்புக்கு அம்சமா உக்காந்துட்டு!"